பிரதம விருந்தினரின் இரும்புக் குண்டு

கனடாவின் ஜான்-டலோன் சந்தையில் இரண்டு ஆண்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கும் உருளைக்கிழங்கு மூட்டையை மார்கிட் தனியாகத் தூக்கி லொறியில் வைப்பாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வைத்த கையோடு விலகவும் மாட்டாள். ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு பின்னால் அடி வைத்து விலகுவாள். அங்கே காய்கறிக் கடையில் அவளோடு வேலை செய்த மன்னார்க்காரி செலீனுக்கு இது முதலில் கிறுக்காகத்தான் பட்டது. காரணம் தெரிந்த பிறகு அவளை வாய் ஓயாமல் புகழ ஆரம்பித்துவிட்டாள்.

மார்கிட் ஒரு காலத்தில் ஹங்கேரி நாட்டின் குண்டெறிதல் சாம்பியன். டான்யூப் நதிக்கரை ஊரொன்றில் தர்ப்பூசணி ஏற்றியிறக்கி உரமேறிய கைகள். பள்ளி முடிக்கும் முன்பே தேசிய அணியில் சேர்ந்தாள். அதன்பின் சில ஆண்டுகள் அந்த நாட்டில் அவளை அசைக்க ஆளில்லை. ஐரோப்பிய நாடுகள் கூடிய ஒரு பெரிய போட்டியில், அதுவரை எறியாத தூரம் எறிந்தாள். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்ததும் சந்தோஷம் தலைக்கேறி முன்பக்கமாகவே துள்ளி ஓடினாள். எறியும் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பது விதி. எறிதல் செல்லும் என்று வெள்ளைக் கொடி எழவேண்டிய இடத்தில், செல்லாது என்று சிவப்புக் கொடி எழுந்தது. பதக்கம் போயிற்று, அடுத்த ஆண்டு முழங்காலும் போயிற்று. பிறகு கல்யாணம், கனடா, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன வீடு, கணவனின் சாவு, சந்தை வேலை. எதற்கும் புலம்பாதவள், அந்த வெள்ளைக் கொடியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் செலீனிடம் சொல்லியிருந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு. அதில் பொய் சொல்வதுகூடச் சிரமம்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டுக் கோடையில், தமிழர்களின் பங்குக் கோவில் நடத்தும் விளையாட்டு விழாவுக்குச் செலீன் அவளை அழைத்தாள். நம்மவர்கள் ஒரு சாம்பியனை அழைத்தால் விளையாடவா விடுவார்கள்? பிரதம விருந்தினராக்கி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மேடையில் உட்கார்த்திவிடுவார்கள். விளையாட்டு விழாவுக்குக் கூப்பிட்டால் விளையாடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மார்கிட் எடுத்துக்கொண்டாள். விளக்கிச் சொல்ல வேண்டும் என்று செலீனுக்குத் தோன்றவே இல்லை.

திறந்தவெளிப் பூசை முடிகிற நேரத்தில் மார்கிட் விளையாட்டு உடையில் வந்தாள், கையில் கனத்த பை ஒன்று. உடனே மாலை விழுந்தது. விழாவை நடத்திய கோவில் சங்கத்தின் தலைவர் அம்புறோஸின் வரவேற்புரை வழக்கம்போல் முடிவில்லாமல் நீண்டது. பெண்களின் குண்டு போடுதல் தொடங்கியபோது செலீன் மேடையைப் பார்த்தாள். மார்கிட்டின் கண் சுண்ணாம்பு வட்டத்தை விட்டு நகரவில்லை. மடியிலிருந்த பை பாதி திறந்திருந்தது. உள்ளே அவளுடைய சொந்த இரும்புக் குண்டு. அப்போதுதான் செலீனுக்குப் புரிந்தது. மரியாதை என்று செய்தது அந்த மனுசியைக் கட்டிப்போட்டிருக்கிறது.

அம்புறோஸிடம் ஓடினாள். பிரதம விருந்தினர் போட்டியில் இறங்குவது முறையில்லை, விழுந்து கிழுந்தால் பழி தங்களுக்குத்தான் வரும் என்று அவர் இழுத்தார்.

“அண்ணை, அவ கதிரையில இருக்க வரேல்லை, எறிய வந்தவ. எங்கட மரியாதையை ஒருக்காக் கழட்டி வைப்பம்,” என்றாள் செலீன். பதிலுக்குக் காத்திராமல் மேடையேறி, மாலையைத் தன் கையாலேயே கழற்றினாள்.

மார்கிட் வட்டத்துக்குள் போனாள். குண்டைக் கழுத்தோடு அணைத்து, முதுகு காட்டிக் குனிந்து, ஒரே மூச்சில் திரும்பி எறிந்தாள். மற்றப் பெண்களுக்கு நட்டிருந்த அடையாளக் குச்சிகளை எல்லாம் தாண்டி அது சர்பத் மேசைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. முறை பேசிய அம்புறோஸ்தான் எல்லோருக்கும் முதல், மாலையும் கையுமாக ஓடிவந்து வட்டத்துக்கு முன்னால் நின்று வாங்கோ வாங்கோ என்றார். சனமும் கைகாட்டி முன்னால் அழைத்தது. முன்னால் ஒரு அடி வைத்தால் இந்த எறிதலும் போய்விடுமே என்று செலீன் அவள் கால்களையே பார்த்தாள்.

மார்கிட் அசையவில்லை. குண்டு உருண்டு ஓயும்வரை பார்த்தாள். பிறகு திரும்பி, வட்டத்தின் பின்பக்கமாக நிதானமாக வெளியே வந்து, நடுவரைத் தேடினாள். அவரிடம் விசில் மட்டுமே இருந்தது. கோவில் விளையாட்டில் கொடிக்கு எங்கே போவது?

செலீன் பூசைக்குப் போட்டிருந்த வெள்ளை முக்காட்டைத் தலையிலிருந்து உருவி, கை எட்டிய மட்டும் உயர்த்திப் பிடித்தாள். மார்கிட் அதைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மனுசி புல்லில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.