கட்டிப்போட்ட காற்றாடி

முகத்துவாரக்குப்பத்தில் நாங்கள் மளிகைக் கடை வைத்தபோது அந்தப் பக்கம் மின்சாரம் கிடையாது. என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து லாரி டைனமோ ஒன்றை வாங்கி, மரத்தில் இறக்கை செதுக்கி, கடையை ஒட்டிக் கம்பம் நட்டு, உச்சியில் காற்றாடி வைத்துவிட்டார். அது சுற்றினால் பேட்டரி ஏறும். பேட்டரியில் ஒரு பல்பும் ரேடியோவும் ஓடும். ஆனால் பகலெல்லாம் தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பலத்த காற்றில் இறக்கை பிய்ந்துவிடும். அதனால் ரேடியோவில் புயல் என்று சொன்னதும் முதல் வேலையாக ஏறி, காற்றாடியைக் கயிற்றால் கட்டிவிடுவார். இதைக் குப்பத்தார் கவனித்துக்கொண்டார்கள். காற்றாடி கட்டியிருந்தால் கடலில் கட்டுமரம் இறக்குவதில்லை என்பது, எங்களைக் கேட்காமலேயே அங்கே வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் பேரிங் தேய்ந்து கீச்சிட்டது. விடிகாலையில் காற்றாடியைக் கட்டிவைத்துவிட்டு, வேறு பேரிங் வாங்க ராயபுரம் போய்விட்டார். கடல் குளம் மாதிரிக் கிடந்தது; ஆனால் எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. மதியம் பக்கத்துக் குப்பத்தார் கூடைகூடையாகக் கவலை மீன் கொண்டுபோனதைப் பார்த்ததும் எல்லோரும் கடைக்கு வந்துவிட்டார்கள். அவரும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

“இன்னா அண்ணாச்சி, கட்டிப் போட்டுகீற. புயலு எங்க கீது?”

“பேரிங் போயிட்டுய்யா. அதுக்குத்தான் கட்டுனேன்.”

“அதுக்கோசரம் எங்க வயித்துல அடிப்பியா? அத்த இறக்கு. இல்லாங்காட்டி நாங்க வேற கடை பாத்துக்கறோம்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். சனியன் ஒழிந்தது என்று ஏணியைத் தூக்கிவந்து நானே கம்பத்தில் சாத்தினேன்.

கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் காற்றாடி வைப்பதற்கு முந்தின ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் பெண்சாதி.

“ஒரு நாளு மீனுதானே போச்சு, நாளிக்கு வரும். அன்னிக்கு இது இருந்திருந்தா எங்கூட்டு ஆளு வூட்ல இருந்திருப்பான். இறக்காத அண்ணாச்சி.”

இறக்கச் சொன்ன ஆள் கம்பத்தை விட்டு ஒதுங்கிக்கொண்டான். அவர் புது பேரிங்கோடு மேலே ஏறினார். ஏணியை அவளும் நானும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இனி ரிப்பேருக்காகக் கட்டினால், புயல் இல்லை என்று தெரிய, கம்பத்தில் ஒரு பழைய முறத்தைத் தொங்கவிடுவது என்று பேசி முடித்தார்கள். காற்றாடி கட்டியிருக்கிறதா, முறம் தொங்குகிறதா என்று விடிந்ததும் முதலில் வந்து பார்ப்பவள் அவள்தான். அவள் வீட்டிலிருந்து கடலுக்குப் போக யாரும் இல்லை.