இந்தியன் ஆக்கப்பட்ட ஆட்டக்காரர்

சுவிஸ் நாட்டின் துன் நகரில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் அம்மாதான் வருவார். அப்பா ஏரிக்கரையில் ஓர் இந்திய உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருந்தார். நான் எழும்பும்போது அவர் நித்திரை. நான் படுக்கும்போது அவர் வேலையில். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவருக்காக ஏங்கினேன். அதனால், பெற்றோர் வரும் நாளில் வகுப்பின் முன் நான் பேசுவதைக் கேட்க வருவதாக அவர் ஒத்துக்கொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மற்றப் பிள்ளைகள் பூனை, குதிரை, சீஸ் என்று தலைப்பு எடுத்தார்கள். நான் பெரிய மேதாவி அல்லவா, நூலகப் புத்தகமொன்றைப் பார்த்து, அமெரிக்காவின் முதற்காலக் கறுப்பின பேஸ்போல் ஆட்டக்காரர்களை எடுத்தேன். பேசுவதற்கு முதல்நாள் மத்தியானம் அப்பாவைப் பிடித்து இருத்தி, ஜெர்மனில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்காட்டினேன். கறுப்பர்களைப் பெரிய அணிகளில் சேர்க்காத காலம் அது. கெட்டிக்காரர் ஒருவரை எப்படியாவது சேர்த்துவிட நினைத்த அணிப் பொறுப்பாளர், அவருக்கு வேறு பெயர் வைத்து, ஆள் இந்தியன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “பிறகு? ஆர் கண்டுபிடிச்சது?”

“அவரின்ரை கறுப்பினக் கூட்டாளிமாராலதான் அப்பா. அவர் விளையாட வந்திட்டார் எண்ட சந்தோசத்தில பூவெல்லாம் குடுத்து ஆரவாரம் செய்தவை. அதோட தெரிஞ்சுபோச்சு. பிறகு அந்த அணியில சேர்க்கேல்லை.”

“அதுகள் விருப்பத்தில செய்ததுகள், பாவங்கள்,” என்றார். தேநீரை அப்படியே ஆறவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். அன்று செவ்வாய், செவ்வாய்க்கிழமைகளில் உணவகம் பூட்டு என்பது எனக்குக்கூடத் தெரியும். கதவைப் பார்த்தபடியே பேசி முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

புத்தகத்தில் இருந்த சொல் ‘இன்டியானர்’. அது செவ்விந்தியரைக் குறிக்கும் என்று தெரியாமல் நான் இந்தியன் என்று தமிழாக்கியிருந்தேன். அதனால் அப்பாவின் காதில் விழுந்தது வேறு கதை. உணவகத்தில் அவருக்குப் பெயர் ராஜு, ஊர் டெல்லி என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைத்திருந்ததையும், என் ஆசிரியை அங்கே அடிக்கடி சாப்பிட வருபவர் என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். நாங்கள் யாழ்ப்பாணத்தார் என்று ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும். அப்பாவைக் கண்டதும் நான் சந்தோசத்தில் “அப்பா!” என்று கத்திவிடுவேனே, டெல்லி ராஜுவின் குட்டு ஆசிரியை முன் உடைந்துவிடுமே என்றுதான் அவர் பயந்திருக்கிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்க அவருக்கும் ஆசை இருந்திருக்கும் என்பது, கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு எப்படித் தெரியும்?