ரொட்டி வாங்க ஒரு மணி நேரம்

பிரான்சில் துருவா நகரின் காலுறை ஆலையில் காலை ஷிஃப்டில் நூல் சுற்றிய ஜோசியானுக்குப் பதினாறு வயது. வீட்டு வேலை என்றால் காத தூரம் ஓடுவாள். 1962 கோடையில், தினமும் மாலை ரொட்டி வாங்கிவர அவளே முன்வந்தாள். ரொட்டிக் கடைக்காரி நான். சந்தேகம் வராமல் இருக்குமா? பைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு டிரான்சிஸ்டர், தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தது.

ஞானஸ்நானத்தில் அவளைத் தாங்கிய ஞானத்தாய் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. ஆனால் அதே ஆலையில் மேஸ்திரியான அப்பா ஃபெர்னான், பாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சட்டம் போட்டிருந்தார். வானொலியில் இளசுகளின் பாட்டு நிகழ்ச்சியோ வாரநாள் மாலை ஐந்து மணிக்கு.

"அக்கா, சொல்லிடாதீங்க. தெரிஞ்சா புடுங்கிப்பாரு."

"நான் ஏண்டி சொல்றேன்? ரொட்டி வாங்க ஒரு மணி நேரமாகுதே, அதுவே சொல்லிடும்."

சொல்லித்தான் விட்டது. மகளுக்கு எவனோ காதலன் இருக்கிறான் என்று முடிவுகட்டிய ஃபெர்னான், ஜூலையில் ஒருநாள் பின்னாலேயே வந்தார். அந்த மனிதர், கோடையில் நாள்தோறும் நடக்கும் பிரான்ஸ் சுற்று சைக்கிள் பந்தயத்தின் முடிவு நேரத்தில் வானொலியை விட்டு நகர்ந்ததே இல்லை. அன்று அதையும் விட்டு வந்தார், அவ்வளவு கோபம்!

என் கடைக்கு எதிரே கால்வாய்க்கரை. சைக்கிள் கைப்பிடியில் டிரான்சிஸ்டர் தொங்க, பத்துப் பிள்ளைகள் இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபெர்னானைப் பார்த்ததும் அப்படியே உறைந்துவிட்டார்கள். அவர் டிரான்சிஸ்டரைப் பிடுங்கினார். தண்ணீரில் எறியப் போகிறார் என்று கடையை விட்டு வெளியே ஓடினேன்.

எறியவில்லை; அவர் விரல் குமிழைத் திருகியது. கரகரவென்று பந்தய வர்ணனை! மனிதர் காதோடு ஒட்டிக்கொண்டு, கடைசி வளைவு வரை மூச்சுவிடாமல் கேட்டார். முடிந்ததும் அதைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்பா," என்றாள் ஜோசியான். கையை நீட்டினாள். "அது என்னோடது. குடுங்க."

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கன்னத்தில் ஒன்று விழும் என்று நினைத்தேன். அவரோ பத்துப் பிள்ளைகளையும் பார்த்தார், மகளைப் பார்த்தார், முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

"இதெல்லாம் ஒரு பாட்டா? பூனை சண்டை மாதிரி இருக்கு."

"நீங்க கேட்டதே இல்லையேப்பா."

மறுநாள் ஐந்து மணிக்கு ஃபெர்னான் மறுபடி வந்தார். வீட்டில் அவருடைய பெரிய வானொலி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மகள் முன் நின்றார்.

"பந்தயம் கொஞ்சம் கேக்கலாமாம்மா?"

"இந்தப் பாட்டு முடியட்டும்ப்பா."

ஆலையில் நாற்பது பேரை அதட்டும் அந்த மேஸ்திரி, கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.