கீழ்வரியை வலமிருந்து வாசித்தவர்

மரபணு எழுத்துகளை இணையத்தில் தேடி ஆராய்வது எப்படி என்று ஒன்றும் தெரியாதவர்களுக்குத் தமிழில் படிப்பிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன். கொழும்பில் சிரித்தவரை இன்னும் மன்னிக்கவில்லை. என் இணையவழி வகுப்புக்குச் சான்றிதழ் தர ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் இணைப்பாளர் அவர். தமிழ் நன்றாகத் தெரிந்தவர், ஆனாலும் என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பார். உங்கள் பக்கம் பத்துப் பேர் சேர்ந்தாலே பெரிய விஷயம் என்றார். எங்கள் கிழக்குக் கரையின் சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் முப்பது பேர் சேர்ந்தார்கள். அநேகர் பெண்கள், அநேகரிடம் இருந்தது கைபேசி மட்டும்தான்.

அவர்களில் மூத்தவர் ஒரு ராத்தா; எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில், "ஏ.எல். பரீட்சையில் உயிரியல் பாஸ். அதற்குப் பிறகு படிக்க விடவில்லை. இப்போது தடுக்க ஆளில்லை" என்று எழுதியிருந்தார்.

வகுப்பு தொடங்கி மூன்றாம் கிழமை இணைப்பாளரின் செய்தி வந்தது. ஆங்கிலம் வராதவர்களையும் கணினி இல்லாதவர்களையும் வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். அடுத்த வகுப்புக்குத் தானும் வந்து பார்ப்பாராம். உதாரணத்துக்கு ராத்தாவின் பெயரையே போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ராத்தா பின்தங்கித்தான் இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிப் பார்த்த பிறகுதான் கைபேசியில் தட்டுவார். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எனக்கும் சில நேரம் பொறுமை போனது.

இணைப்பாளர் வந்த அன்று ஒரு பயிற்சி கொடுத்தேன். டிஎன்ஏக்கு இரண்டு இழைகள். ஒன்றில் ஏ என்ற எழுத்து இருந்தால் எதிரே டீ, ஜீ இருந்தால் எதிரே சீ. நான் ஒரு வரியைத் திரையில் காட்டுவேன். அவர்கள் எதிர் இழையைக் கீழே எழுதி, அதை இணையத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடி, எந்த உயிரினம் என்று சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. எதிர் இழை எதிர்த்திசையில் ஓடுகிறது, அதை மறுமுனையிலிருந்து வாசிக்க வேண்டும். எல்லோரும் ஒருமுறை பிழைவிடட்டும், பிறகு சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் நானே அப்படிப் பிழைவிட்டவள்தான்.

"ஒண்டும் வரல்ல மிஸ்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியாக ராத்தாவின் குரல் கேட்டது.

"எனக்கு மீன் ஒண்டு வந்திரிக்கி மிஸ். படத்தத் தேடிப் பாத்தன், நம்மட சூரை மாதிரி."

கொப்பியைக் காட்டச் சொன்னேன். கமராவின் முன் பிடித்தார். இணைப்பாளர் முந்திக்கொண்டார். இவர் எழுத்துகளைத் தலைகீழாக எடுத்திருக்கிறார், இதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார். நான் ராத்தாவின் வரியை என் திரையில் போட்டுத் தேடினேன். பட்டியலின் முதல் வரியிலேயே சூரையின் இலத்தீன் பெயர் வந்து நின்றது.

அப்போது நான் கேட்ட கேள்விக்கு இன்றும் வெட்கப்படுகிறேன். "ராத்தா, ஆரும் சொல்லித் தந்தாங்களா?"

"இல்ல மிஸ். எதிர் இழை எண்டு நீங்கதானே சொன்னீங்க. ஒண்டு இந்தப் பக்கத்தால போனா மத்தது அந்தப் பக்கத்தால வரணும்தானே? வலப்பக்கத்தால வாசிக்க எனக்கு லேசு. ஒவ்வொரு நாளும் அதத்தானே செய்யிறன்."

நானும்தான் ஐந்து வயதிலிருந்து குர்ஆனை வலமிருந்து ஓதியவள். ஆனால் ஆய்வுகூடத்துக்குள் போகும்போது அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டேன். ராத்தா கழற்றவில்லை.

தற்செயலாக வந்த விடை அது என்றார் இணைப்பாளர். "இல்ல சேர். ரெண்டு பக்கத்தாலயும் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் நாங்க" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நீக்க வேண்டியவர்களின் பெயர்கள் இன்றே வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் சான்றிதழ் கிடையாது என்றார்.

முப்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை அந்த வகுப்பில் நான் ஒரு முழு வசனம்கூட ஆங்கிலத்தில் பேசியதில்லை. விளங்கவில்லை என்று அவர் பிறகு சொல்லக் கூடாது என்பதற்காக, அன்று ஒரேயொரு வசனத்தை அவருடைய பாஷையிலேயே நிதானமாகச் சொன்னேன். அவருடைய சின்னப் பெட்டி திரையிலிருந்து மறைந்தது.

"என்ன மிஸ் சொன்னீங்க அவருக்கு?" என்று ராத்தா கேட்டார். "என்ன வகுப்பால எடுத்துட்டாங்களா?"

"சான்றிதழ அவரையே வச்சிக்கச் சொன்னன் ராத்தா. நீங்க இரிக்கீங்க."