ஒரு பருக்கை

ருக்மிணி என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் பட்டாபிராமன் சிங்கப்பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்பவர், பெருமாளுக்குச் சமைப்பவர். கூலியில் பாதி பிரசாதமாகத்தான் வரும். அந்த வீட்டில் உலை வைப்பதே அபூர்வம்; புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று பெருமாளுக்குப் படைத்ததைத்தான் அவர்களும் சாப்பிட்டார்கள். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கும் இருந்தது, ஐம்பத்தைந்தாம் வருஷத்து மார்கழி வரைக்கும்.

அதற்குள் அவளுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருந்தது. இரண்டு குழந்தையும் பத்து ராத்தல் கனம், கொழுகொழுவென்று இருந்தன. இரண்டும் உயிரில்லாமல்தான் வெளியே வந்தன. மூன்றாவது ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தாள்.

"உனக்குச் சர்க்கரை வியாதிம்மா. முந்தின ரெண்டும் அதனாலதான் போயிருக்கும். இனிப்பைத் தொடாதே, சோத்தைக் குறை. அப்படியும் இறங்கலேன்னா இங்கேயே தங்கி ஊசி போட்டுக்கணும்" என்றாள். வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு புட்டி நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்தனுப்பினாள்.

எந்த வீட்டில் சோதிப்பது? அவள் வீட்டில் செங்கமலம் இருந்தாள். பட்டாபிராமனின் அக்கா, மடி ஆசாரத்தில் நெருப்பு. அங்கே மூத்திரத்தைக் காய்ச்ச முடியுமா? எங்கள் கொல்லையில்தான் காய்ச்சினோம். என் கணவர் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். ஸ்பிரிட் விளக்கு அவருடையது. நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறமானால் ஆபத்து. எங்களுக்குத் தினமும் செங்கல்தான்.

மார்கழியில் சர்க்கரைப் பொங்கல் தவறாமல் வரும். ருக்மிணி முதலில் அதை முந்தானையில் மறைத்து எங்கள் பசுவுக்குப் போட்டாள். ஒருநாள் செங்கமலம் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எதிரில் உட்கார்ந்துகொண்டு, இவள் கடைசி வாய் விழுங்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

"முதல் ரெண்டுக்கும் மசக்கைல பிரசாதத்தைக் கண்டாலே குமட்டறதுன்னே. பெருமாள் திருப்பி எடுத்துண்டுட்டார். இதையாவது தக்க வெச்சுக்கோடி."

அவள் கெட்டவளில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவளாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஆத்துக்காரர்கிட்ட சொன்னியா?" என்று ருக்மிணியைக் கேட்டேன்.

"சொன்னேன் மாமி. பெருமாள் அமுது செஞ்சது கெடுதல் பண்ணுமான்னு சிரிச்சார். பொறந்தாத்துல யாரும் இல்லை, அங்கேயும் போக முடியாது. சாப்பிட்டா குழந்தை போயிடும். சாப்பிடாம இருந்து ஏதாவது ஆச்சுன்னா, கொன்னவள் நான்னு சொல்லுவா."

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கோயிலிலிருந்து திரும்பிப் பிரசாதத்தை உள்ளே கொடுத்துவிட்டு வந்த பட்டாபிராமனைக் கொல்லை வேலியருகே நிறுத்தினேன்.

"அண்ணா, நீங்க பாகு பதம் பாக்கறவர். இதையும் பாருங்கோ."

நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினேன். கலங்கியது, பச்சையானது, மஞ்சளானது, சிவந்து அடியில் தங்கியது.

"இவ்வளவு செவக்கறதே, எவ்வளவு வெல்லம் போட்டேள்?" என்றார்.

"ஒண்ணும் போடலை. உங்க ஆத்துக்காரியோட மூத்திரம் அது."

நேரே வீட்டுக்குள் போனார். நானும் வெட்கமில்லாமல் பின்னாலேயே போனேன். ருக்மிணியின் இலையில் பொங்கல் குவிந்திருந்தது. செங்கமலம் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பட்டாபிராமன் குனிந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து மனைவியின் கையில் வைத்துவிட்டு, இலையை அப்படியே நகர்த்தினார்.

"பிரசாதம்னா ஒரு பருக்கை போதும்க்கா. மத்ததெல்லாம் சோறு."

பெருமாளுக்குச் சமைப்பவரே சொன்ன பிறகு செங்கமலம் எழுந்துகொண்டாள். அன்றே ருக்மிணியை ரயிலேற்றிச் செங்கல்பட்டில் சேர்த்தார். ஏறக்குறைய இரண்டு மாதம் ஊசியும் அளவுச் சாப்பாடுமாகக் கிடந்தாள். நாள் நெருங்குமுன்பே டாக்டரம்மா வலி வரவழைத்தாள். பெண் குழந்தை, ஆறு ராத்தல். பிறந்ததும் வார்டே அதிரும்படி அழுததாம்.

நான் பார்க்கப் போனபோது பட்டாபிராமன் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் நீர். ருக்மிணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பருக்கை போதும்னேளே, அது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சின்ன வயசுலேயே தெரியும். அப்பா சொல்லுவார்."

ருக்மிணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.