முதல் வரியில் நான் எழுதிய சொல்

கண்ணாயியைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா யோக்கியதை என்று யாராவது கேட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கேட்க ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செபாஸ்டின். ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடமாக ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மேனேஜரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் திரிந்தேன், வெட்கங்கெட்டவன்.

கண்ணாயி எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்க வந்தவள். மாரமங்கலத்துக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். மொத்தம் முப்பது வீடு. பையன்கள் காட்டுப் பாதையில் இறங்கிப் படித்துவிட்டு வருவார்கள். காட்டெருமை நிற்கிற வழி என்று பெண் பிள்ளைகளை மட்டும் அனுப்ப மாட்டார்கள். காட்டெருமைக்கு ஆண் பெண் தெரியுமா என்ன? கண்ணாயியும் அப்படி வீட்டோடு நின்றவள்தான். சம்பளத்தன்று கைநாட்டு வைக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள்.

"நொம்பக் கேவலமா இருக்குதுங்க ரைட்டரே. எம்புள்ளையாச்சும் பேரெழுதோணும்" என்பாள்.

சேலத்திலிருந்து டிரஸ்ட்காரர்கள் சிலர் வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம், நிலம் ஊர் கொடுக்க வேண்டும், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து சாமான்களை ஊரே சுமந்து வர வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவன் நிலத்தைப் பார்த்தார்கள். கண்ணாயி எழுந்து தன் பத்து சென்ட்டைக் கொடுத்தாள். நன்றாகக் காய்க்கிற மிளகுக் கொடி ஏறிய இடம். அவள் வீட்டுக்காரர் பெரியண்ணன் வாயே திறக்காத மனிதர். அன்றும் திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு போய் அவரே கொடியை அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

எட்டு மாதம் அந்த ஊர்ப் பெண்கள் மணலும் கல்லும் சுமந்தார்கள். சிமெண்ட் மூட்டையைப் பிரித்துச் சட்டி சட்டியாகக் கொண்டுபோனார்கள். எஸ்டேட் வேலை முடித்துவிட்டு வந்தும் கண்ணாயி இரண்டு நடை போவாள். ஒரு நாள் பார்க்கப் போன நான் சும்மா இருக்காமல், "என்ன கண்ணாயி, மேஸ்திரியே ஆயிட்ட போல" என்றேன்.

"கிண்டலுங்களா? ரெண்டு கல்லத் தூக்குனா ரைட்டர் தேஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

தூக்கினேன். இரண்டே கல். மூன்று நாள் முதுகு வலித்தது.

2012 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டு அறை, ஒரு கக்கூஸ், கலா என்று ஒரு டீச்சர். சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பெயர் கண்ணாயியின் மகள் சிவசக்தி. ஆறு வயது. முதல் பெயரை ரைட்டர்தான் எழுத வேண்டும், அவர் கையெழுத்து ராசியானது என்று கண்ணாயி பிடிவாதம் பிடித்தாள். நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மலைக்காரர்களுக்கு அரசாங்கக் காகிதத்தில் 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழங்குடி என்று படிப்பில் அவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் மரியாதையாகக் கூப்பிடும்போது ஒருவரையொருவர் 'கவுண்டர்' என்பார்கள். கீழ்நாட்டில் அதே பெயரில் வேறு சாதி இருக்கிறது, அவர்கள் பழங்குடி இல்லை. பேச்சில் இந்தக் குழப்பம் வராது, காகிதத்தில் ஏறினால் வரும்.

எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்கு வரும்போது பெரியண்ணனை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவோம். நானும்தான். அன்று அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மகளைக் கையில் பிடித்து நின்றதைப் பார்த்ததும் அந்த 'ஏய்' எனக்கே உறுத்தியது. சாதி என்ற கட்டம் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், பெரிய உபகாரம் செய்கிறவன் போல நானே 'இந்து கவுண்டர்' என்று எழுதினேன். சுழித்து, அழகாக.

எல்லாரும் வெளியே மிட்டாய் கொடுக்கப் போனதும் கலா டீச்சர் பார்த்துவிட்டார். "சார், 'மலையாளி'ன்னு இருக்கணும். அடிச்சுட்டு எழுதுங்க, நான் பக்கத்துல கையெழுத்துப் போடறேன்."

"முதல் பேரையே அடிச்சா நல்லாவா இருக்கும் டீச்சர்? பொறவு பாத்துக்கலாம்" என்றேன்.

என் எழுத்தின் மேல் ஒரு கோடு விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு வெங்காயமும் இல்லை. மற்ற இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் டீச்சர் சரியாக எழுதினார். மறு வருடம் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். நானும் மறந்தே போனேன்.

சிவசக்தி நன்றாகப் படித்தாள். எட்டாவது வரை அங்கே, பிறகு ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது. போன வருடம் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பன் காகிதம் ஒன்று சொல்ல, பள்ளிக்கூடத்துக் காகிதம் இன்னொன்று சொல்ல, சான்றிதழ் கொடுக்கும் சேலம் ஆபீசில் நிறுத்திவிட்டார்கள். தேதி முடிந்தது. இடம் போய்விட்டது.

கண்ணாயி நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, அது உங்க கையெழுத்துதானுங்களே? கவுண்டர்னு யாருங்க சொன்னது?"

ஒரு நொடி. உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். இவள் என்னை என்ன நினைப்பாள் என்றுதான் யோசித்தேன்.

"உன் ஊட்டுக்காரர்தான் சொன்னாரு. சொன்னதை எழுதினேன்" என்றேன்.

பாவி. நாக்கு கூசாமல் சொன்னேன்.

அவள் போய் வீட்டில் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஊரே அந்த மனுஷனைக் கேள்வி கேட்டது என்பது பிறகு தெரிந்தது. பெரியண்ணன் வீட்டில் படுப்பதை விட்டுவிட்டுக் காட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாராம். சிவசக்தி எங்கள் எஸ்டேட்டிலேயே பழம் பறிக்க வந்தாள். கூடையோடு என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "வணக்கமுங்க" என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இந்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாச் சமயம், சையத் இப்ராஹிம் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணன் வெற்றிலை வாங்க வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வாங்க கவுண்டரே!" என்றார் பாய், எப்போதும் கூப்பிடுகிற மாதிரி.

பெரியண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். "அப்படிக் கூப்பிடாதீங்க பாய். அந்தப் பேச்சுதானுங்க எம்புள்ள படிப்பத் தின்னுபோடுச்சு."

பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சேலம் பஸ் பிடித்து அந்தச் சான்றிதழ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அப்பா சொல்லி எழுதியதென்றால் மாற்றுவது கஷ்டம், எழுதியவர் தன் தவறென்று எழுதிக் கொடுத்தால் விசாரித்து மாற்றலாம் என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைப் போன வருஷமே எழுதிக் கொடுத்திருந்தா அந்தப் பொண்ணு இந்நேரம் படிச்சிட்டிருக்குமே?"

எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. விழட்டும்.

அங்கிருந்து அடிவாரம் வந்து, மலை ஏறி, நடந்து, கண்ணாயி வீட்டுக்குப் போனேன். பெரியண்ணனையும் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

சொன்னேன். கவுண்டர் என்று போட்டது நானே என்று. டீச்சர் திருத்தச் சொல்லியும் மறுத்தேன் என்று. போன வருடம் பொய் சொன்னேன் என்று. இந்த வருட அட்மிஷனுக்குள் சான்றிதழ் வந்துவிடும் என்றும் சொன்னேன். என்னவோ நல்ல சேதி கொண்டு வந்தவன் மாதிரி.

கண்ணாயி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

சிவசக்தி எழுந்து வாசலுக்குப் போனாள். "ஏனுங்கப்பா, நீங்க சொல்லவே இல்லீங்களா? அன்னிக்கே இல்லைன்னு ஒரு வார்த்த சொல்றதுதானுங்களே?"

"எனக்கு நெனப்பில்ல கண்ணு" என்றார் பெரியண்ணன். "ரைட்டர் படிச்சவரு. அவரு சொன்னா நாஞ்சொல்லித்தான இருப்பேன்னு நெனச்சுட்டேன்."