சம்பந்திக்கு எடுத்த கண்ணாடி அறை

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையும் அவரது அப்பா அம்மாவும் மோல்மேனிலிருந்து ரங்கூன் வந்தார்கள். எங்கள் லான்மடாவ் வீட்டில் இடம் போதாது. அலோனில் ஜப்பானிய முறையில் நடத்தும் விடுதி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். தரையில் பாய், அதன்மேல் மெத்தை, தனிக் குளியலறை. என் கணவர் ஒரேயடியாக மறுத்தார்.

“சம்பந்தியத் தரையில படுக்க வச்சாங்கன்னு ஊரே பேசும்” என்றார்.

லத்தாவில் புதிதாகத் திறந்த பூட்டிக் ஹோட்டலில், பெரிய கட்டில்கள் போட்ட அறையைப் போனில் படம் பார்த்தே எடுத்தார்.

மறுநாள் காலை இருவரும் அழைக்கப் போனோம். சம்பந்தியும் மாப்பிள்ளையும் அறைக்கு வெளியே நின்றிருந்தார்கள். நான் மட்டும் உள்ளே போனதும் காரணம் தெரிந்தது; சம்பந்தியம்மா குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக்குச் சுவரே இல்லை, முழுக்கக் கண்ணாடி. சுவிட்சைப் போட்டால்தான் திரை இறங்குமாம். கரன்ட் இல்லை. இந்த ஊரில் கரன்ட் போகும் என்று தெரியாதவனா ஹோட்டல் கட்டினான்?

கீழே போய்க் கேட்டேன். “இதுதான் அமா இப்ப ஸ்டைல்” என்று வரவேற்பில் இருந்த பர்மியப் பெண் அக்கா முறை சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்ந்த மகனை வெளியே நிறுத்திவிட்டுத் தாய் குளிப்பது ஸ்டைலா? என் கணவரோ போனை நோண்டிக்கொண்டு நின்றார்.

சம்பந்தியம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினார். “கட்டில் எதுக்குங்க? வீட்டுல நாங்க பாயிலதான படுக்கிறோம்.”

இப்போதெல்லாம் நானே நேரில் போய், குளியலறைக் கதவைச் சாத்திப் பார்த்துத்தான் அறை எடுக்கிறேன். அதற்கு முன், தங்கப் போகிறவர்களைக் கேட்கிறேன். ஊர் பேசும் என்பவரை மட்டும் கேட்பதில்லை.